எலி கடித்த வயரும் ஷட்டரில் பாய்ந்த கரண்டும்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். இரவெல்லாம் மழை. காலை ஐந்தரை மணிக்குக் கடை திறக்க வந்த எங்கள் கடைப் பையன் பூட்டைக் கழற்றிவிட்டு ஷட்டரைத் தூக்கக் கை வைத்தான். "அண்ணாச்சி!" என்று ஒரு சத்தம். பார்த்தால் நடுத்தெருவில் கிடக்கிறான். பத்தொன்பது வயது, வெறுங்கால், கீழே ஈரத் தரை. நல்ல வேளையாகக் கை ஒட்டிக்கொள்ளாமல் தூக்கி எறிந்தது. டாக்டரிடம் கொண்டுபோய் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மெயின் சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில், கடைக்கு வெளியே இருந்தது. அதை இறக்கிவிட்டுக் கடையைத் திறந்தோம். அது கடைக்கு உள்ளே இருந்திருந்தால், கரண்ட் பாயும் ஷட்டரைத் திறந்துதான் மெயினை அணைக்க முடியும் என்ற நிலை வந்திருக்கும்! எலக்ட்ரீஷியன் வந்து ஷட்டர் சுருளும் மேல் பெட்டியைக் கழற்றினார். உள்ளே சாக்கு நார், பிளாஸ்டிக் பைத் துணுக்குகள், கடலைத் தோல் எல்லாம் சேர்த்து ஒரு எலிக்கூடு. அதன் நடுவே பெயர்ப் பலகை விளக்குக்குப் போகும் வயர். இரண்டு அங்குல நீளத்துக்கு மேல்தோல் இல்லை. சிவப்பு வயரின் செம்பு ஷட்டர் உருளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. திருட்டுப் பயத்துக்காக அந்த விளக்கின் சுவிட்சை நாங்கள் இரவு முழுக்கப் போட்டு வைப்போம்.

இதை எழுதக் காரணம் எலி மட்டுமன்று. அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் அந்த விளக்கு பலமுறை மினுக்கியிருந்தது. ஒரு நாள் ஃபியூஸ் போயிற்று. அவசரத்துக்குக் கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டோம். ஏன் போயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை; வியாபார நேரம். கடையில் நான்கு கிலோ சீனி கணக்கில் குறைந்தால் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து தேடுகிற நாம், ஃபியூஸ் போனால் மட்டும் காரணம் தேடாமல் கம்பியைச் சுற்றிவிட்டுப் போகிறோம். காரணம் தெரியாமல் அந்த லைனுக்குத் திரும்பக் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றவில்லை?

இந்தக் கேள்வியைப் பல வியாபாரிகள் எங்களிடம் கேட்டார்கள். வயர் இரும்பைத் தொட்டால் ஃபியூஸ் போக வேண்டாமா? போகும், அந்த இரும்பு முறையாக எர்த் செய்யப்பட்டிருந்தால். எங்கள் ஷட்டருக்கு எர்த் இல்லை. ஆகவே 230 வோல்ட் ஷட்டரில் சும்மா நின்றுகொண்டிருந்தது. காய்ந்த தரையில் செருப்புப் போட்ட கால்களோடு தொட்டபோதெல்லாம் ஒன்றும் தெரியவில்லை. மழை பெய்து தரை நனைந்த அன்று பையனின் உடம்பே எர்த் கம்பியாகிவிட்டது.

விளக்கு லைனுக்குப் போடும் ஃபியூஸோ எம்.சி.பி.யோ 5, 6 ஆம்பியர் அளவில் இருக்கும். அதற்கு மேல் போனால்தான் அது விழும். மனிதனுக்கு ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 50 மில்லி ஆம்பியர், நெஞ்சு வழியாகச் சில விநாடி பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. ஃபியூஸின் வேலை வயர் தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. ஆளைக் காப்பாற்றுவதற்கு ஆர்.சி.சி.பி. என்று தனிக் கருவி இருக்கிறது. ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது எந்நேரமும் கணக்குப் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால்கூடக் கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். நம் கல்லாக் கணக்கு மாதிரிதான்: வெளியே கொடுத்தது திரும்ப வர வேண்டும், வராவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. இதன் விலை ஒரு மூட்டைத் துவரம்பருப்பின் விலையில் பாதிகூட ஆகாது. சில கடைகளில் ஆர்.சி.சி.பி. இருக்கும், "அடிக்கடி விழுகிறது" என்று அதை விட்டு நேர் லைன் கொடுத்திருப்பார்கள். எலி கடித்திருக்கிறது என்று அது சொன்ன செய்தியைக் கேட்காமல் வாயைக் கட்டிவிட்ட கதை.

கடிப்பது யார்?

பலசரக்குக் கடைக்கு வருகிறவை மூன்று வகை. கூரை, பரண், வயர் இவற்றின் மேல் ஏறித் திரிவது வீட்டெலி. உடம்பை விட வால் நீளம். உயரத்தில் போகும் வயர்களுக்கும் ஷட்டர் பெட்டிக்கும் இதுவே எதிரி. தரையைத் தோண்டி வளை அமைப்பது பெருச்சாளி. கிட்டங்கித் தளத்தின் கீழே போகும் கேபிளையும் சுவர் ஓரமாகத் தாழ்வாகப் போகும் பைப்பையும் இது கவனிக்கும். மூன்றாவது சுண்டெலி. பென்சில் நுழையும் சந்து போதும், கால் அங்குலத்தில் புகுந்துவிடும். சுவிட்ச் பாக்ஸுக்குள் குடும்பம் நடத்துவது பெரும்பாலும் இதுதான். நீண்ட மூக்கும் நாற்றமும் உடைய மூஞ்சூறு எலி இனமே அன்று; அது பூச்சி தின்னும் பிராணி. வயரைக் கடித்த பழியை அதன் மேல் போட வேண்டாம். பிள்ளையாருக்குப் பயந்து பலரும் அதை விட்டு வைக்கிறார்கள். விட்டு வைப்பது நியாயமும்கூட.

வயரில் தின்ன என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. எலியின் முன்பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. ஆண்டுக்கு நான்கைந்து அங்குலம்கூட வளரும். எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பது அதன் பிறவிக் குணம். அந்தப் பல்லின் மேல்பூச்சு செம்பையும் அலுமினியத்தையும் விடக் கடினம். பி.வி.சி. மேல்தோல் அதற்கு வெள்ளரிப் பிஞ்சு. போகிற வழியில் எது குறுக்கே இருக்கிறதோ அதைக் கடிக்கும். ஆகவே எலி நடக்கும் வழியும் வயர் போகும் வழியும் ஒன்றாக இருக்கும் இடமே நாம் பார்க்க வேண்டிய இடம். எண்ணெய் டின் அடுக்கும் மூலை, கருவாட்டுக் கூடை வைத்த மூலை, எண்ணெய்க் கையோடு தொட்டுத் தொட்டுப் பிசுக்கேறிய வயர் ஆகியவை எங்கள் அனுபவத்தில் முதலில் கடிபடுகின்றன.

விளக்கு எரியவில்லை என்றால்

எடுத்தவுடன் எலியைக் குற்றம் சொல்ல வேண்டாம். முதலில் பல்பையோ ட்யூபையோ மாற்றிப் பாருங்கள். எரிகிற விளக்கைக் கழற்றி அங்கே போட்டுப் பார்ப்பது நல்லது. புதிதே பழுதாக இருப்பதும் உண்டு. அதிலும் எரியாவிட்டால்தான் லைனைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை, எம்.சி.பி. விழவில்லை என்றால் எங்கோ ஒரு வயர் அறுந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துப் பார்க்கும்போது கவனியுங்கள். சுவிட்ச் போட்டும் இரண்டு முனையிலும் டெஸ்டர் எரியவில்லை என்றால் ஃபேஸ் வரவில்லை. பல்ப் மாட்டியிருக்கும்போது இரண்டு முனையிலும் டெஸ்டர் எரிந்தால், "இரண்டு பக்கமும் கரண்ட் வருகிறதே, பிறகு ஏன் எரியவில்லை?" என்று குழம்புவார்கள். அங்கே நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஃபேஸ் கரண்ட் பல்ப் வழியாகப் போய், திரும்பும் வழியின்றிக் கறுப்பு வயரில் நிற்கிறது. கறுப்புத்தானே என்று அதைத் தொட்டவர்கள் அடி வாங்கியிருக்கிறார்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. ரப்பர் செருப்பில், காய்ந்த பலகையில் நின்று பார்த்தால் மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும். மெயினை இறக்கிய பிறகே வயரில் கை வைக்க வேண்டும்.

ஒரு லைன் முழுவதும் இருண்டு எம்.சி.பி. விழுந்து கிடக்கிறதா? அந்த லைனிலுள்ள எல்லா சுவிட்சுகளையும் அணையுங்கள். பிளக்குகளைப் பிடுங்குங்கள். எம்.சி.பி.யை ஒரு முறை ஏற்றுங்கள். ஏற்றிய உடனே விழுந்தால் பழுது சுவிட்சுக்கு முன்னால் ஓடும் வயரில் இருக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றை ஒன்று தொடுகின்றன. நின்றால், சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த விளக்குக்குப் போகும் வயரில் அல்லது அந்த விளக்கிலேயே கோளாறு. இரண்டு தடவைக்கு மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் கடிபட்ட இடத்தில் ஒரு தீப்பொறி பறக்கிறது. அந்த இடத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டிக் கட்டு இருக்கிறதா, சூடப் பெட்டி இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. பலசரக்குக் கடையில் எதுதான் எரியாது?

ஆர்.சி.சி.பி. விழுவது வேறு கணக்கு. எல்லா சுவிட்சுகளையும் அணைத்த பிறகும் அது விழலாம். சுவிட்ச் துண்டிப்பது சிவப்பு வயரை மட்டும். கறுப்பு வயரின் தோலை எலி உரித்து அது இரும்பு பாக்ஸையோ எர்த் கம்பியையோ தொட்டுக்கொண்டிருந்தால், மற்ற லைன்களில் ஏதாவது ஓடும்போது கரண்டில் ஒரு பகுதி எர்த் வழியாகப் போய்விடும், கருவியும் விழும். "எல்லாம் அணைத்தும் விழுகிறது, கருவிதான் பழுது" என்று கழற்றி எறிவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு லைனின் நியூட்ரலையும் போர்டிலிருந்து தனித்தனியாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எதைக் கழற்றியதும் நிற்கிறதோ அது கடிபட்ட லைன். மழை நாளில் மட்டும், அல்லது தரை கழுவிய பிறகு மட்டும் விழுந்தால் ஈரம் படும் இடத்தில் தோல் உரிந்திருக்கிறது என்று தேடத் தொடங்கலாம்.

இவை எல்லாவற்றையும் விட மோசமானது பாதி கடித்த வயர். பல இழைகளில் இரண்டு மூன்று மட்டும் மிச்சம் நிற்கும். விளக்கு எரியும், சில நேரம் மினுக்கும், பக்கத்தில் ஃபேன் போட்டால் மங்கும், காது கொடுத்தால் 'சர்' என்று மெல்லிய ஒலி வரும். அந்த இடத்தில் வயர் சூடேறும், பொறி பறக்கும். ஆனால் போகும் கரண்டின் அளவு கூடவில்லை. ஆகவே ஃபியூஸும் விழாது, எம்.சி.பி.யும் விழாது. ஆர்.சி.சி.பி.க்கும் இது தெரியாது, வெளியே ஒழுகவில்லையே! எந்தக் கருவியும் சொல்லாத இந்தக் கோளாற்றை நம் கண்ணும் காதும் மூக்கும்தான் கண்டுபிடிக்க வேண்டும். மினுக்கும் விளக்கைத் தட்டிச் சரி செய்யும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம். அதன் சுவிட்சை அணைத்து, ஆள் வரும் வரை இருட்டாகவே இருக்கட்டும். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் மெயினையே இறக்குங்கள்.

எல்.இ.டி. விளக்கு அணைத்த பிறகும் மங்கலாக எரிந்தால் எலிதான் என்று முடிவு கட்ட வேண்டாம். சுவிட்சை ஃபேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தாலும் அப்படி எரியும். அதுவும் திருத்த வேண்டிய தவறே.

இடத்தைக் கண்டுபிடிப்பது

நூறு அடி வயரில் கடிபட்ட இடம் எது? எலியே காட்டிக்கொடுக்கும். வயருக்கு நேர் கீழே தரையிலும் மூட்டை மேலும் பாருங்கள்: பொடிப் பொடியான பிளாஸ்டிக் துணுக்குகள், புழுக்கை, சுவரில் அது உரசிப் போன கறுப்புப் பிசுக்குக் கோடு. புழுக்கை பளபளப்பாக மெதுவாக இருந்தால் நேற்று வந்தது. சாம்பல் நிறமாகத் தொட்டால் உதிர்ந்தால் பழையது. வழி தெரியவில்லை என்றால் இரவு கடை அடைக்கும்போது சுவர் ஓரமாகவும் பரண் மேலும் கோலமாவை மெல்லிதாகத் தூவி வையுங்கள். காலையில் கால் தடமும் வால் கோடும் எங்கே போகிறது என்று தெரியும். எங்கள் கிட்டங்கியில் இப்படிப் பார்த்தபோது, மூட்டைப் பக்கம் ஒரு தடமும் இல்லை. எல்லாத் தடமும் ஒழுகும் குழாயடிக்குப் போயிருந்தது. காய்ந்த தானியத்தைத் தின்னும் எலிக்குத் தண்ணீர் வேண்டும். அந்த வழியில்தான் எங்கள் வயரும் போயிற்று. குழாய்க்கு வாஷர் மாற்றியது நாங்கள் செய்த மலிவான வயரிங் வேலை!

கண்ணுக்குத் தெரியாமல் பைப்புக்குள்ளும் சுவருக்குள்ளும் போகும் லைனுக்கு மெக்கர் சோதனை வேண்டும். 500 வோல்ட் கொடுத்து வயரின் தோல் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி அது. மெயினை இறக்கி, பல்புகளையும் எல்.இ.டி. ஃபிட்டிங்குகளையும் தராசு, பில் மெஷின் ஆகியவற்றையும் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அவை கெட்டுப்போகலாம். அளவு ஒரு மெகாஓமுக்குக் கீழே இறங்கினால் அந்த லைனைப் பயன்படுத்தக் கூடாது. நல்ல வயரில் இதைவிடப் பல மடங்கு காட்டும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் இந்தக் கருவி இருக்கும். "மெக்கர் எதற்கு, டெஸ்டரே போதும்" என்கிறவரை மாற்றிவிடுங்கள்.

டேப் சுற்றினால் போதுமா?

போதாது. கடிபட்ட இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றுவது கிழிந்த சாக்கில் சணல் கட்டுவது போல. அன்றைக்கு ஒழுகாது, அவ்வளவுதான். உள்ளே எத்தனை இழை அறுந்திருக்கிறது என்று டேப்புக்குத் தெரியாது. ஓர் இடத்தில் கடித்த எலி பக்கத்திலும் கடித்திருக்கும். ஒரு ஜங்ஷன் பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸ் வரை உள்ள வயரை முழுதாக உருவிப் புதிது இழுக்க வேண்டும். இணைப்பு என்றால் பாக்ஸுக்குள், கனெக்டர் போட்டு மட்டுமே. பைப்புக்குள் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எந்த நாளும் கூடாது.

புதிது போடும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற செம்பு வயர், விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் போடலாம். ஒரு விளக்கு லைனில் பத்துப் பாயிண்டுகளுக்கு மேல் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸுக்கு, கறுப்பு நியூட்ரலுக்கு, பச்சை எர்த்துக்கு. கையிலிருந்த நிறத்தைப் போட்டுவிட்டுப் போகிறவர் அடுத்து வரும் எலக்ட்ரீஷியனுக்குக் குழி வெட்டுகிறார். பழைய கட்டடங்களில் மரச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓடும் வயரிங்கை இன்னும் வைத்திருப்பவர்கள் அதைப் பழுது பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அது எலிக்குப் போட்ட ராஜபாட்டை.

கடிக்க முடியாமல் செய்வது

எலிக்குத் தோற்காத பொருள் இரும்புதான். மொத்த வியாபாரிகள் கிட்டங்கியில் வயரை இரும்புப் பைப்புக்குள் கொண்டுபோவதே சரி. அந்தப் பைப்பு முழுவதும் எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் ஷட்டர் கதைதான். வளைவான இடங்களுக்கு இரும்பு ஃப்ளெக்ஸிபிள் பைப்பு கிடைக்கிறது. தரைக்கு அடியில் கடையிலிருந்து கிட்டங்கிக்குப் போகும் லைனுக்கு ஆர்மர்டு கேபிள், அதாவது உள்ளே இரும்புக் கம்பி உறை போட்ட கேபிள் வேண்டும்.

சில்லறைக் கடையில் முழுவதும் இரும்பு போடச் செலவு இடிக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். பி.வி.சி. பைப்பே போடுகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். உருண்டு வழுக்கும் பைப்பின் நடுப் பகுதியை எலியால் எளிதில் பற்றிக் கடிக்க முடியாது. அதற்கு ஒரு விளிம்பு வேண்டும். திறந்த முனை, மூடாத பெண்டு, மூடி இல்லாத ஜங்ஷன் பாக்ஸ், பாக்ஸுக்கும் பைப்புக்கும் நடுவே விட்ட அரை அங்குல வயர், இவைதான் வாசல்கள். எல்லா முனைகளையும் மூடி, பாக்ஸுக்குள் பைப்பு முழுதாக நுழையும்படி செய்தால் பாதி வேலை முடிந்தது. தட்டைக் கேசிங்கில் மூடி சரியாக உட்காராத இடமெல்லாம் விளிம்புதான். பெயர்ப் பலகைக்கும் ஷட்டர் பக்கத்துக்கும் போகும் ஐந்தாறு அடியையும் பரண் மேல் போகும் துண்டையும் மட்டுமாவது இரும்பில் போடுங்கள். பெயர்ப் பலகை வயரை ஷட்டர் பெட்டி வழியே கொண்டுபோகாமல் சுவரில் தனித் துளை போட்டு எடுக்கலாம். நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். ஷட்டருக்கும் எர்த் கொடுத்தோம்.

கடைக்குள் வரும் வழியை அடைப்பது வயரைக் காப்பதற்கு இணையான வேலை. எலிக்கு அரை அங்குலமும் சுண்டெலிக்குக் கால் அங்குலமும் போதும் என்பதால் கை விரல் நுழையும் சந்தெல்லாம் கதவென்று எண்ணிக்கொள்ள வேண்டும். ஷட்டரின் அடி, மரக்கதவின் தேய்ந்த மூலை, வயர் நுழையும் சுவர்த் துளை, ஏ.சி. குழாய்த் துளை, சாக்கடைக் குழாய் இவற்றைப் பாருங்கள். கதவடியில் தகடு அடியுங்கள். துளைகளில் உடைந்த கண்ணாடித் துண்டு கலந்த சிமெண்டுப் பூச்சு நம் ஊர்க் கொத்தனார்களுக்குப் பழகிய வேலை. இன்றைக்கும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. இப்போது டப்பாவில் விற்கும் நுரையை அடைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், எலி அதை ஒரே இரவில் தின்று தள்ளும். மீட்டருக்கு முன்னால் உள்ள சர்வீஸ் வயர் நம்முடையதன்று. அங்கே கடி தெரிந்தால் தொடாமல் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல் ஒன்றரை அடி விட்டு, தரையிலிருந்து கட்டை மேல் உயர்த்தி அடுக்கினால் எலிக்கு ஒளிய இடம் இல்லை. நமக்கும் சுவரோர வயரைப் பார்க்க வழி இருக்கும். இடம் இல்லை என்பார்கள். இருக்கும் இடத்தில் ஒன்றரை அடியை எலிக்கு வாடகையில்லாமல் கொடுத்திருக்கிறோம் என்பதே உண்மை.

பொறி, மருந்து, மெஷின்

எலிப்பொறிக்கு மசால் வடை என்பது வீட்டுக்குச் சரி. எங்கும் பருப்பும் கடலையும் கிடைக்கும் நம் கடையில் எலி அதைச் சட்டை செய்யாது. கடையில் இல்லாத ஒன்றை வையுங்கள்: கருவாட்டுத் துண்டு, சுட்ட தேங்காய்ச் சில்லு. எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும் பிராணி. ஆகையால் இரண்டு மூன்று நாள் பொறியை விசையேற்றாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்கிவிட்டுப் பிறகு ஏற்ற வேண்டும். சுவர் ஓரமாகவே அது ஓடும் என்பதால் பொறியின் தீனிப் பக்கம் சுவரைப் பார்த்திருக்கட்டும்.

விஷம் பற்றி எங்கள் கருத்து கண்டிப்பானது. உணவுப் பொருள் விற்கும் இடத்தில் நாமாக விஷ மருந்து வைக்கக் கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாது. விஷம் தின்ற எலி செத்து விழுவது எண்ணெய்ப் பீப்பாயின் பின்னாலோ ஷட்டர் பெட்டிக்குள்ளோ என்று யார் கண்டார்? கட்டாயம் தேவை என்றால் பயிற்சி பெற்றவர்களை வைத்து, கடைக்கு வெளியே, பூட்டும் பெட்டியில் மட்டும்.

காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் மெஷின் என்று விற்கிறார்களே, அதில் பணம் போட வேண்டாம். அமெரிக்க அரசின் மத்திய வர்த்தக ஆணையம் 2001ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவிகளைத் தயாரிப்போர், விற்போர் 60க்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கை அனுப்பியது. வயரில் மிளகாய்ப் பொடியும் வேப்பெண்ணெயும் பூசுவது சில நாள் மணக்கும், பிறகு காய்ந்துவிடும். எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டுவதுதான் மிச்சம்.

கூட்டைக் கலைக்கும்போது வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். கையுறை போட்டு, மெயினை இறக்கி, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் மூடி ஊற வைத்து அள்ள வேண்டும். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் புழுதி பறக்கக் கூட்டுவது தவறு.

சாமி படத்தின் முன் ஏற்றும் விளக்கையும் இங்கே சொல்லியாக வேண்டும். எண்ணெயில் ஊறிய திரி எலிக்குத் தின்பண்டம். எரிகிற திரியையே இழுத்துக்கொண்டு ஓடும். கடை அடைக்கும் முன் விளக்கைக் குளிர வைத்துவிட்டே போக வேண்டும். படத்தைச் சுற்றிய சீரியல் பல்பு வயர் மிக மெல்லியது. அதையும் இரவில் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் பாலிசியை ஒரு முறை படித்துப் பாருங்கள். ஷார்ட் சர்க்யூட்டால் தீப்பிடித்துச் சரக்கு எரிந்தால் தீப் பாலிசியில் கேட்கலாம். ஷார்ட் ஆன அந்த மின் சாதனத்துக்கு மட்டும் பொதுவாகக் கிடைக்காது. எலி தின்ற சரக்குக்கும் கிடைக்காது. வயரிங் சோதித்த ரசீதைக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்து வைத்தால், விபத்துக்குப் பின் வரும் சர்வேயரிடம் காட்ட நம் கையில் ஒரு தாள் இருக்கும்.

தீயே பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மெயினை இறக்கி, ஏ.பி.சி. பவுடர் சிலிண்டரை அடித்துக்கொண்டே 101க்குச் சொல்லுங்கள். சிலிண்டரை மூட்டைக்குப் பின்னால் வைத்தால் தேடி எடுப்பதற்குள் காரியம் கெட்டுவிடும். வாசல் பக்கம் மாட்டுங்கள்.

ஆண்டில் ஒரு முறை ஆயுத பூஜைக்குக் கடையை ஒதுக்கிக் கழுவுகிறோம். மூட்டைகள் நகர்ந்திருக்கும் அந்த நாளே வயரைப் பார்க்க நல்ல நாள். கழுவுவதற்கு முன் எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி மெக்கர் போட்டு, ஷட்டர் பெட்டியையும் பரணையும் திறந்து காட்டுங்கள். போர்டு பக்கம் தண்ணீர் அடிக்க வேண்டாம். ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்தினால் 'டக்' என்று விழ வேண்டும். விழாவிட்டால் கருவி செத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். எங்கள் கடையில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, வாடகை கொடுக்கும் நாளில், அதை அழுத்துகிறோம். அழுத்துகிறவன் அன்றைக்கு நடுத்தெருவில் விழுந்த அந்தப் பையன். வேறு யாரையும் அழுத்த விடமாட்டான்.